அப்பா சரி என்றால் சரி

போன வாரம் கதையை, சைக்கிள் கடையின் ஷட்டர் பாதி தூக்கிய நிலையில், விட்டுவிட்டு வந்தோம். அதை முழுக்கத் தூக்கிவிட்டவன் சின்னவன். ஒரு வருஷமாகப் பாதி வெளிச்சத்தில் பஞ்சரும் செயினும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கடைக்குள், அன்று காலை வெயில் கடைசிச் சுவர் வரைக்கும் வந்து உட்கார்ந்தது.

கடைசிச் சுவரில்தான் பெரியவனின் சாமான்கள் தொங்கின.

அவற்றைப் பார்க்காமல் வேலை செய்ய மூத்த மருமகள் பழகியிருந்தாள். பெரியவன் அவளுடைய புருஷன். மலைப்பாதை சைக்கிள் பந்தயத்தில், போன வருஷம் இதே பருவத்தில், பாறை இறக்கத்தில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் ஹேண்டில்பார் இரண்டாக உடைந்து கிடந்தது. விழுந்ததால் உடைந்தது என்றார்கள் பந்தயம் நடத்தியவர்கள். தப்பான இடத்தில் பிரேக் பிடித்தான், கை தவறிவிட்டது என்று மைக்கிலேயே சொன்னார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று அதையேதான் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பழமொழியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாளை அதே மலையில் பந்தயம். பெரியவனின் ஃப்ரேமில் ஏறி ஓட்டப் போகிறான் அவன் தம்பி. வேண்டாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மாமனாரும் சொல்லிப் பார்த்தார். சின்னவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"எங்க அண்ணனுக்குக் கை தவறாது அண்ணி. அதே இறக்கத்துல அதே வண்டியில இறங்கிக் காட்டறேன்."

இதற்கு மேல் அவனிடம் வேறு பேச்சே கிடையாது. தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் மிச்சம் இருந்தது. அவனை உயிரோடு கீழே கொண்டுவந்து சேர்க்கிற மாதிரி வண்டியைப் பூட்டிக் கொடுக்க வேண்டும்.

"ஏறி உக்காரு. குதிக்காத. சும்மா உக்காரு" என்றாள்.

முன்சக்கரத்தின் அதிர்ச்சியைக் காற்றடைத்துத் தாங்குகிற ஃபோர்க், அந்த வேலை அவள் கை. வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவள் 'ஃபோர்க் அக்கா'தான், சொந்தப் பெயர் தெரியாது. சின்னவன் ஹெல்மெட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, பந்தயத்தில் என்ன எடை இருப்பானோ அந்த எடையோடு ஏறி உட்கார்ந்தான். இறங்கியதும் ஃபோர்க் தண்டில் இருந்த ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது.

"அண்ணனை விட நீ லேசு. காத்தைக் குறைக்கணும்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே இருப்பது பெரியவன் எடைக்கு அவளே அடித்த காற்று. விபத்துக்கு முந்தின நாள், இதே இடத்தில், அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு 'நான் குண்டா?' என்று கேட்டு, 'வளையம் பொய் சொல்லாது' என்று அவள் சிரித்து அடித்த காற்று.

வால்வை விரலால் அழுத்தினாள். ஸ்ஸ் என்றது. அழுகை வந்தது. அழாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

சின்னவன் அந்தப் பக்கம் திரும்பி, சுவரில் இல்லாத எதையோ தேடினான். நல்ல பிள்ளை.

டயர் என்று வந்ததும் நல்ல பிள்ளை காணாமல் போனான்.

"பக்கம் தடிச்ச டயர்தான் போடப்போறேன். பாறை கிழிச்சிடும்" என்றாள் அவள்.

"அண்ணி, அதைப் போட்டா கல்லைக் கட்டிக்கிட்டு மலை ஏறுற மாதிரி இருக்கும். மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"சொன்ன பெரியவங்க யாரும் பாறையில சைக்கிள் ஓட்டல."

"சரி, போடுங்க."

"ஓடும்போதே சீட்டை இறக்குற போஸ்ட்டும் போடறேன். இறக்கத்துல சீட் தூக்கி நின்னா உன்னை முன்னாலதான் தள்ளும்."

"அது வேறயா! அதுக்குப் பதிலா ரெண்டு செங்கல்லைக் கட்டி விட்டுடுங்களேன். மேல போய்ச் சேரும்போது எனக்கு மீசை நரைச்சிருக்கும்."

"முதல்ல மீசை வரட்டும்."

மூலையில் சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த மாமனார் தலை நிமிரவில்லை. மற்ற நாளாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம், கடைசியாக அவர் எப்போது சிரித்தார் என்று யோசித்துப் பார்த்தாள். அகப்படவில்லை.

சின்னவன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். பேரத்துக்கு நிற்கிறான் என்று அர்த்தம்.

"சரி அண்ணி. டயர் உங்க இஷ்டம். சீட் போஸ்ட் உங்க இஷ்டம். ஹேண்டில்பார் மட்டும் என் இஷ்டம்." கடைசிச் சுவரைக் காட்டினான். "அது."

அவள் அதைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. கறுப்பு கார்பன் ஹேண்டில்பார். ஜோடியாக வாங்கியது. ஒன்று பாறையில் உடைந்தது. இது இன்னொன்று, பயிற்சிக்குப் பெரியவன் ஓட்டியது.

"அலுமினியம் புதுசு இருக்குப்பா. அதைப் போடலாம்."

"கை விறைச்சுப் போயிடும் அண்ணி. ரெண்டு விட்டுக் கொடுத்தேன்ல? நீங்க ஒண்ணு விடுங்க."

"அது எத்தனை தடவை கீழ விழுந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

"அப்பா தட்டிப் பாக்கட்டும். அப்பா சரின்னா சரி."

அந்த வீட்டில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. கார்பன் ஒரு கள்ளச் சாமான். உள்ளே விரிசல் விட்டிருந்தாலும் வெளியே பளபளவென்று இருக்கும். கண்ணால் பிடிக்க முடியாததைக் காதால் பிடிக்க வேண்டும். ஒரு நாணயத்தின் விளிம்பால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டிங்' என்று தெளிவாகப் பேசும். விட்டுப்போன இடம் 'தொப்' என்று நனைந்த மாதிரி முனகும். மாமனாரின் காது அதற்குப் பேர் போனது. போட்டிக் கிளப்காரர்கள்கூட வெட்கத்தை விட்டுவிட்டு ஃப்ரேமைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'சரி' என்பார், அல்லது 'தூக்கிப் போடு' என்பார். இரண்டுக்கும் அப்பீல் இல்லை.

சின்னவன் ஹேண்டில்பாரை எடுத்துத் துடைத்து அவர் முன்னால் நீட்டினான். அவர் அதைக் கொஞ்ச நேரம் வெறுமனே கையில் வைத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தேய்ந்த நாணயத்தை எடுத்தார்.

எப்போதும் இந்த நேரத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும், நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். அவளும் தன் வேலையில் இருப்பாள். இன்றுதான் பக்கத்தில் வந்து நின்றாள். கடையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

டிங். டிங். டிங்.

நடுவில், ஹேண்டில்பாரை ஸ்டெம் கவ்விப் பிடிக்கிற இடத்துக்குச் சற்று இப்பால், தொப்.

கை நிற்கவில்லை. டிங், டிங் என்று மறு முனைக்குப் போய்விட்டது. மாமனார் ஹேண்டில்பாரைப் பார்க்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனும் ஹேண்டில்பாரைப் பார்க்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்து, தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு, லேசாகச் சிரித்த மாதிரி நின்றான்.

"சரி" என்றார் அவர்.

"மாமா, அந்த நடு இடத்துல இன்னொரு தடவை தட்டுங்களேன்" என்றாள் அவள், அவருக்குப் பின்பக்கத்திலிருந்து.

அவர் திரும்பவில்லை. சின்னவன்தான் அவர் கையைத் தொட்டு, "அண்ணி என்னமோ சொல்றாங்கப்பா" என்றான். அவள் முன்னால் வந்து மறுபடி சொன்னாள். அவர் மறுபடி தட்டினார். தொப். மறுபடி மகன் முகத்தைப் பார்த்தார். அவன் முகத்தில் பொறுமையின்மை தவிர ஒன்றும் இல்லை.

"சரியாத்தாம்மா இருக்கு."

மாமா காதுக்கு முன்னால் தன் காது எம்மாத்திரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பயம் பிடித்தவளுக்கு எல்லாமே தொப்பென்றுதான் கேட்கும். அதோடு, பேரம் பேசியவள் அவள்தானே. வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவன் தானே பூட்டினான். அளவு பார்த்து முடுக்குகிற டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்கிற வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் மாற்றி மாற்றி முடுக்கினான். அண்ணன் சொல்லிக் கொடுத்த முறை. வாசலில் கிளப் வேன் ஹார்ன் அடித்தது.

"இன்னைக்கு ஒரு ரவுண்டு பயிற்சி. இறக்கத்தையும் பாத்துட்டு வந்துடறேன்."

"பாறையில இன்னைக்கு நடந்து இறங்குப்பா."

"நடந்து இறங்கவா அண்ணி இவ்வளவு கஷ்டப்பட்டோம்?"

வேன் போய்விட்டது. மாமனார் தன் சக்கரத்துக்குத் திரும்பினார். அவள் சாமான்களை அதனதன் இடத்தில் மாட்ட ஆரம்பித்தாள். பெரிய ஸ்பானர் ஒன்று நழுவி, மாமனாரின் முதுகுக்குப் பின்னால் தரையில் கிடந்த இரும்புத் தகட்டில் விழுந்தது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. மாமனார் அசையவில்லை.

பிறகு பழைய பல்சக்கரம் ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே, இன்னும் பக்கத்தில் போட்டாள். அவர் கம்பி ஒன்றை நிதானமாக முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா" என்றாள். "மாமா!"

'எதிர்ல வந்து சொல்லுங்க' என்று வாடிக்கைக்காரர்களை அவர் அதட்டுவது கர்வம் என்றல்லவா எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்? போனை யாராவது எடுத்துக் கொடுத்தால் 'நீயே பேசு' என்பாரே! டிவி முன்னால் சும்மா படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே!

சின்னவனைக் கூப்பிட்டாள். அவன் போன் கடைக்குள்ளேயே, அழுக்குத் துணிக்கு அடியில், முழு சத்தத்தில் பாடியது. பயிற்சிக்குப் போனால் அதை வைத்துவிட்டுத்தான் போவான். அதற்கும் மாமனார் திரும்பவில்லை.

அலுமினிய ஹேண்டில்பாரை எடுத்தாள். ஆலன் கீ, கடை வேனின் சாவி. போகிற போக்கில் மாமனாரின் எதிரே போய் நின்றாள். வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"மாமா, உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் அவளுடைய உதட்டைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த ஹேண்டில்பாரைப் பார்த்தார். மறுக்கவில்லை. சக்கரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வண்டிய எடும்மா" என்றார்.

மலைக்குப் போகிற சாலை முழுக்க லாரிகள். அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க முடியாது. எடுக்காமல் அவரிடம் பேசவும் முடியாது. ஆகவே அவர்தான் பேசினார். தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று தெரியாத மனிதரின் பேச்சு. ஒரு சமயம் கத்தினார், ஒரு சமயம் முணுமுணுத்தார்.

"காதுக்குப் பக்கத்துல டயர் வெடிச்ச கதையைக் கேள்விப்பட்டிருப்பே. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி வெடிச்சது. அன்னைக்கு ஒரு காது போச்சு. இன்னொண்ணு கொஞ்சம் கொஞ்சமா. காது போச்சுன்னு சொன்னா கடைக்கு எவன் வருவான்? சொல்லல."

அவள் கியரை மாற்றினாள்.

"பெரியவனுக்கு என் காதும்மா. என் காதை விட நல்ல காது. தட்டும்போது ஓசை மாறுச்சுன்னா அவனுக்கு இடது புருவம் தூக்கும். அவனுக்கே தெரியாது. அதை வச்சுத்தான் இத்தனை நாள் ஓட்டினேன். ஊர்க்காரன் ஃப்ரேம் எல்லாம் அவன் புருவத்தைப் பாத்துத்தான் சொன்னேன். போன வருஷம் அவனோட ஹேண்டில்பாரைத் தட்டினப்போ புருவம் தூக்கவே இல்ல. சிரிச்ச மாதிரி நின்னான். அதனால சரின்னேன். அது சரியாத்தான் இருந்திருக்கும்மா. இல்லேன்னா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். கை தவறினதுதான். வேற என்ன?"

ஒரு வருஷமாக அவர் இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடியிருக்கிறார்.

போன வருஷம் பந்தயத்தன்று காலையில், புறப்படும் கோட்டில் நிற்கும்போது, அவள் பெரியவனிடம் கேட்டிருந்தாள். 'நடுவுல என்னவோ கீறல் மாதிரி தெரியுதே, அப்பா தட்டும்போது கவனிச்சீங்களா?' என்று. அவன் சிரித்தான். 'அதை யாரு கவனிச்சா? நான் அப்பா மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவரே சரின்னுட்டார்' என்றான்.

அப்பா மகன் முகத்தைப் பார்த்திருக்கிறார். மகன் அப்பா முகத்தைப் பார்த்திருக்கிறான். நடுவில் ஹேண்டில்பார் முனகியதை யாருமே கேட்கவில்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அது இந்த வீட்டுக்கென்றே சொன்னது. இன்று காலையில் அவள் கண் முன்னாலேயே மறுபடி நடந்திருக்கிறது.

அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். இதைச் சொல்ல வேண்டுமானால் வண்டியை ஓரம் கட்டி அவர் பக்கம் திரும்ப வேண்டும். ஓரம் கட்ட நேரமில்லை என்பதில் அவளுக்கு நன்றியாகக்கூட இருந்தது.

இறக்கத்தின் உச்சியில், நாடா கட்டிய வழியில், பயிற்சிக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகப் பாறையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சின்னவனுக்கு முன்னால் ஒரே ஒருவன் பாக்கி. அவள் வேனின் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள்.

"நில்லு! சின்னவனே, நில்லு! இறங்காத!"

அவன் ஒரு காலை ஊன்றித் திரும்பினான். முகமெல்லாம் புழுதி, புழுதிக்குள் பல் தெரிந்தது.

"ஒரு தடவை இறங்கிட்டேன் அண்ணி! வெண்ணெய் மாதிரி இறங்குது. அண்ணன் எந்த வழியில போனாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். தப்பான வழியே இல்ல. இதோ, இன்னொரு தடவை பாருங்க."

அவள் பாய்ந்து முன் சக்கரத்தைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பின்னாலேயே மாமனார் வந்து சேர்ந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவரை எல்லாருக்கும் தெரியும்.

அவர் பையிலிருந்து நாணயத்தை எடுத்து மகனிடம் நீட்டினார்.

"தட்டு."

"நீங்கதான் காலையில பாத்தீங்களேப்பா."

"நீ தட்டுடா. காதை வச்சுத் தட்டு. என்னைப் பாக்காத."

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, கிரிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான்.

டிங். டிங். டிங்.

தொப்.

நின்றான். அதே இடத்தில் மறுபடி தட்டினான். தொப். விரலால் தடவினான். நகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. காலையில் துடைக்கும்போது அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இப்போது முடி மாதிரி ஒரு கோடு.

புழுதிக்கு அடியில் அவன் முகம் வெளுத்தது. இடது புருவம் மெல்ல மேலே போயிற்று. அவனுக்கும் அண்ணனின் புருவம்தான் என்பதை அவள் அதுவரை கவனித்ததில்லை.

மாமனார் கவனித்துவிட்டார். முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்! காது கேட்கிறவர்களுக்கு என்ன கேட்டதோ அது முழுக்க அவருக்கும் கேட்டுவிட்டது. பக்கத்திலிருந்த பாறையில் உட்கார்ந்தார்.

பின்னால் யாரோ, "இறங்குறீங்களா இல்லையா?" என்று குரல் கொடுத்தார்கள்.

சின்னவன் நிமிரவில்லை. காலையில் அண்ணி பின்னாலிருந்து சொன்னது அப்பாவுக்கு ஏன் கேட்கவில்லை என்று இப்போது அவனுக்குப் புரிந்தது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி, ஹேண்டில்பாரிடம் கேட்கிற மாதிரி, தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"அப்போ அண்ணனோடதைத் தட்டினப்போ யாருப்பா கேட்டது?"

குனிந்த தலையின் உதடு மாமனாருக்குத் தெரியவில்லை. மகன் ஏதோ கேட்டான் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. மருமகள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா கேக்குறான்?"

அலுமினிய ஹேண்டில்பார் அவள் கையில் கனத்தது. டயரைப் பற்றிக் கேட்கிறான் என்று சொல்லிவிடலாம். ஒன்றுமில்லை மாமா என்றும் சொல்லலாம். கை தவறவில்லை என்று பெரியவனுக்காக ஒரு வருஷமாக அவள் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்ததை, கடைசியில் சொல்ல முடிகிற இடம் இதுதான். கேட்க வேண்டியவரோ பாறையில் உட்கார்ந்து, அண்ணாந்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.